மூத்தோர் கதைகளைப் பதிவு செய்ய எந்தக் கருவி? ட்வைனா, கைப்பேசியா?

கிளைநூலகம் (தொடக்கப் பதிவு):
எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம், அறுபது வயதைக் கடந்த பன்னிரண்டு பேரின் ஊர்க்கதைகளை அவர்களைக் கொண்டே மின்வடிவில் உருவாக்கத் திட்டமிட்டிருக்கிறது. கண்மாய் உடைந்த இரவு, முதல் பேருந்து வந்த நாள் போன்ற கதைகள் அவை. இவர்களில் ஒன்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரியும். விசைப்பலகையைத் தொட்டவர்கள் இருவர்தாம். எங்களிடம் இரண்டு மடிக்கணினிகளும் நான்கு சனிக்கிழமைகளும் உள்ளன. ட்வைன் (கிளை பிரியும் கதைகளை உருவாக்கும் மென்பொருள்), டைம்லைன் ஜேஎஸ் (நிகழ்வுகளைக் காலவரிசையில் காட்டும் கருவி), கைப்பேசிக் காணொளிச் செயலி ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்பதில் வட்டத்துக்குள் ஒத்த கருத்தில்லை.

முடிச்சு:
தயக்கமின்றி ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. கட்டணமும் கணக்குத் தொடங்கும் வேலையும் இல்லை. ஒரு பத்தியில் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அடுத்த பத்தி தானே பிறக்கும். முடிவில் கிடைக்கும் எச்டிஎம்எல் கோப்பை எந்த உலாவியிலும் இணையமின்றித் திறக்கலாம். நம் பெரியவர்கள் நேர்கோட்டில் கதை சொல்வதில்லை. "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்று கிளை பிரிந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்தப் போக்குக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

திண்ணை:
நண்பரே, பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தட்டச்சு அறியாதவர்கள் என்று பதிவிலேயே இருக்கிறது. அப்படியானால் தட்டச்சு செய்யப்போவது ஒரு கல்லூரி மாணவர். பாட்டி "வெள்ளாம" என்பதை அவர் "விவசாயம்" என்று திருத்துவார், மூச்சு வாங்கிய இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பார், கதை அவருடையதாகிவிடும். 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் முன்னின்று தொடங்கி, பின்னர் ஸ்டோரிசென்டர் என்று பெயர்பெற்ற பயிலரங்கு முறையில், சொல்பவரின் சொந்தக் குரலே மையம். அதனுடன் சில நிழற்படங்களைச் சேர்த்தால் சில நிமிடக் குறும்படம் முடிந்துவிடும். கைப்பேசி போதும்.

முடிச்சு:
குரல் பற்றிய கண்டனத்தை ஏற்கிறேன். ஆனால் கைப்பேசிச் செயலியை நம்புவது மணலில் குழி தோண்டுவது. இந்தியாவில் 2020 சூன் இறுதியில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் ஒரே ஆணையில் தடை செய்யப்பட்டன. சமூக ஊடகப் பதிவுகளைக் கதையாகத் தொகுத்த ஸ்டோரிஃபை 2018 மே மாதத்தில் மூடப்பட்டது. உலாவியில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. அதில் செய்த கதைகளைப் பார்க்க இன்று தனி ஏற்பாடு வேண்டும். தொடங்குவது எவ்வளவு எளிது என்று கேட்கும் நீங்கள், வெளியேறுவது எவ்வளவு எளிது என்று கேட்கவில்லை.

மெய்யெழுத்து:
டைம்லைன் ஜேஎஸ்ஸை யாரும் தொடவில்லை, விட்டுவிடலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்த நல்ல கருவிதான். ஆனால் கூகுள் விரிதாளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஆண்டை நிரப்பச் சொல்லும்; "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த ஆடி" என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இருவரும் மறந்தது தமிழ் எழுத்தை. எதைத் தேர்ந்தாலும் முதலில் "கொய்யா", "பௌர்ணமி" ஆகிய இரு சொற்களைத் தலைப்பாக இட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து, புள்ளிகளாலான வட்டத்தோடு நின்றால், வேறு எத்தனை வசதி இருந்தாலும் அதை மூடிவிடுங்கள். நான் ஒரு காணொளிக்கு நாற்பது துணைத்தலைப்புகளை எழுதி முடித்த பிறகே இதைக் கண்டேன். பெயர் சொல்ல விரும்பாத அந்தச் செயலியில் எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

ட்வைனை உலாவிக்குள்ளேயே பயன்படுத்தினால் கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். தளத் தரவை யாராவது அழித்தால் கதையும் போகும். ஆகவே கணினியில் நிறுவும் பதிப்பே நல்லது. படங்களும் ஒலியும் கதைக் கோப்புக்குள் தாமாகப் போய் அமர்வதில்லை என்பதையும் முடிச்சு சொல்லவில்லை. அவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, கோப்புறையையே நகலெடுக்க வேண்டும்.

திண்ணை:
வெளியேறும் வழி பற்றி முடிச்சு சொன்னது சரி. என் பதில்: காணொளித் தொகுப்புச் செயலியில் பதிவு செய்யவே கூடாது. கைப்பேசியின் சாதாரணக் குரல்பதிவியில் பேச்சை எடுத்து, மூலக் கோப்பை அன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டால், தொகுப்புச் செயலி செத்தாலும் கதை சாகாது. ஆனால் ட்வைனை எல்லோருக்கும் கற்பிப்பதற்கு இன்னும் உடன்படமாட்டேன். நான்கு சனிக்கிழமைகளில் இரண்டு, அடைப்புக்குறியைக் கற்பிக்கவே போய்விடும்.

முடிச்சு:
எல்லோருக்கும் வேண்டாம். தட்டச்சு தெரிந்த அந்த இருவருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களின் ஒலிப்பதிவுகளைக் கிளைகளாக இணைக்கும் வேலையை அவர்கள் செய்யட்டும். பேச்சை எழுத்தாக்க வேண்டியதில்லை. வெள்ளாமை வெள்ளாமையாகவே இருக்கும்.

கிளைநூலகம்:
அப்படியே செய்கிறோம். முதல் சனிக்கிழமை குரல்பதிவு மட்டும், மடிக்கணினியைத் திறக்கப்போவதில்லை. நேற்று ஒத்திகைக்கு வந்த ஒரு பாட்டி, இதை யாரெல்லாம் கேட்பார்கள் என்று முதலில் கேட்டார். மருமகளைப் பற்றிய பகுதியை நூலகத்துக்கு வெளியே விடக்கூடாது என்றார். அதனால் பதிவுக்கு முன் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்விக்கு விடை வாங்கி எழுதிவைக்கப் போகிறோம். ஒத்திகைப் பதிவில் அவர் குரலைவிட மின்விசிறியின் சத்தமே ஓங்கியிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சித்திரை வெயிலில் எத்தனை நிமிடம் அவர்களை உட்காரவைக்க முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.