ஃபார்வர்டிங்: முன்னனுப்பலா, கடத்தலா, ஆற்றுப்படுத்தலா?

மு. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பயிற்சி இதுதான். இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட லினக்ஸ் கணினி நடுவில்; ஒரு பக்கம் 192.168.10 வலையமைப்பு, மறுபக்கம் 192.168.20 வலையமைப்பு. நடுக்கணினியிலிருந்து இரு பக்கமும் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது. 10-இல் இருக்கும் கணினியால் 20-இல் இருப்பதைத் தொட முடியவில்லை. கார்டு வழியே போய்வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினால் 10 பக்கத்துக் கார்டில் பொட்டலம் (தரவுத் துண்டு, பாக்கெட்) வந்து இறங்குவது தெரிகிறது, 20 பக்கத்தில் சத்தமே இல்லை. லினக்ஸின் மையமான கர்னலில் ஐபி ஃபார்வர்டு 0, அதாவது ஒரு கார்டில் வந்த பொட்டலத்தை மறு கார்டு வழியே அனுப்பும் வேலை மூடி, இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஃபார்வர்டிங்கைத் தமிழில் என்ன சொல்லலாம்? வரைவில் 'முன்னனுப்பல்' என்று போட்டிருக்கிறேன்.

இரா. எழுதியது:

முன்னனுப்பல் வேண்டாம் ஐயா. முன்பணம், முன்பதிவு என்றால் என்ன? நேரத்துக்கு முன்பே செய்வது. பொட்டலத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டதாக மாணவன் நினைப்பான்.

'ஆற்றுப்படுத்தல்' இருக்கிறதே. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி, மலைபடுகடாத்தையும் சேர்த்து, ஆற்றுப்படைதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வள்ளலின் ஊரையும் போகும் வழியையும் சொல்கிறான். வலையமைப்புகளை இணைக்கும் ரௌட்டர் செய்வதும் அதுதானே?

ச. எழுதியது (யாழ்ப்பாணம்):

ஐயா, இங்கே ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவர்களுக்குச் செய்யும் உளவளத்துணை. கர்னல் பொட்டலத்துக்கு ஆறுதல் சொல்வதாகிவிடும். அதைவிட, பாணன் வழியைச் சொல்கிறான், சுமந்துகொண்டு போய் விடுவதில்லை. எந்த வழி என்று தீர்மானிக்கும் ரௌட்டிங் வேறு, அந்த வழியில் அனுப்பிவிடும் ஃபார்வர்டிங் வேறு. ரௌட்டிங் அட்டவணை சரியாக இருந்தும் ஃபார்வர்டிங் மூடிக்கிடக்கலாம், மு. அண்ணாவின் சிக்கலே அதுதான்.

இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள். 0 ஆக இருக்கும்போதும், 10-இல் இருப்பவர் நடுக்கணினியின் 20 பக்க முகவரிக்குப் பிங் அடித்தால் பதில் வரும். அது நடுக்கணினியின் சொந்த முகவரி. தன் பெயருக்கு வந்ததை அது எந்தக் கார்டிலும் வாங்கிக்கொள்ளும். பிறர் பெயருக்கு வந்ததைத்தான் அனுப்பாமல் கைவிட்டுவிடும். "அந்தப் பக்கம் போகுது சார்" என்று மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான். நமக்கு வேண்டிய சொல் 'பிறருக்கு வந்ததைக் கடக்கவிடுதல்'. 'கடத்தல்' என்றே போடலாமே.

இரா. எழுதியது:

கட என்பது தன்வினை, கடத்து பிறவினை. கட + தல், நடுவில் ஒற்று மிகுந்து கடத்தல். கடத்து + அல், அதுவும் கடத்தல். பொட்டலம் கடப்பதும் கணினி கடத்துவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இப்படி இரட்டை வாய்ப்புள்ள தொழிற்பெயர்களை ஒரு பட்டியலாகவே போடலாம். படுத்தல் இருக்கிறது, நடத்தல் இருக்கிறது...

க. எழுதியது:

பட்டியல் இருக்கட்டும் ஐயா. கையேட்டில் முதல் மூன்று அத்தியாயமும் 'பொட்டலம்' என்றே இருக்கிறது. அடுத்த அத்தியாயத் தலைப்பு 'பொட்டலம் கடத்தல்' என்று வந்தால் வகுப்பு என்ன ஆகும்? தினசரியில் கஞ்சாச் செய்தி படிக்காத மாணவன் உண்டா?

என்னைக் கேட்டால் 'ஃபார்வர்டிங்' என்றே எழுதுங்கள். திரையில் அடிக்கப் போவதும் அதுதான். லினக்ஸின் தீயரண் கருவியான ஐபிடேபிள்ஸில், கடந்து போகும் பொட்டலங்களுக்கான விதிகளின் சங்கிலிக்குப் பெயரும் 'ஃபார்வர்டு'தான். தேர்வில் தமிழ்ச்சொல்லை எழுதிவிட்டு ஆய்வகத்தில் முழிப்பதில் என்ன லாபம்?

இரா. எழுதியது:

அப்படிப் பார்த்தால் மின்கடத்தியும் வெப்பக் கடத்தலும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. அவற்றைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. மின்சாரத்தை யாராவது பொட்டலம் கட்டினார்களா என்று கேட்காதீர்கள்.

ச. எழுதியது:

'கடத்துகை' என்றால்? கை விகுதி போட்டதும் கஞ்சா வாடை போய்விடுகிறது. வினையாகவும் ஓடும்: கணினி பொட்டலத்தைக் கடத்துகிறது, கடத்துகையைத் திற, கடத்துகையை மூடு.

மு. எழுதியது:

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கடத்துகையைத் திறந்தும் பதில் வரவில்லையா? 20 பக்கக் கணினிக்கு 10-க்குத் திரும்பும் வழி தெரியுமா என்று பாருங்கள். வழி இருந்தால், ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு சங்கிலி டிராப்பில் (பொட்டலத்தைக் கைவிடும் நிலையில்) இருக்கிறதா என்று பாருங்கள். டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளை நிறுவிய கணினியில் அப்படி இருக்கலாம். திறந்ததை, கர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதாவிட்டால், மறுபடி இயக்கும்போது பழையபடி 0." தடங்கலில்லாமல் போகிறது. ஃபார்வர்டு சங்கிலியை அப்படியே விட்டிருக்கிறேன், அது திரையில் இருக்கும் பெயர். வேறு யாரும் மறுக்காததால் கடத்துகையே அச்சுக்குப் போகிறது.

க. எழுதியது:

நான் மறுத்தேனே. குறைந்தது, சொல் முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே 'ஃபார்வர்டிங்' என்றும் போடுங்கள்.

இரா. எழுதியது:

போடட்டும், ஆனால் அடிக்குறிப்பில்.

க. எழுதியது:

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?