செர்ரி இறால் ஓடு கழற்றும்போது இறக்கிறது: கால்சியம் திரவத்தைக் கூட்டலாமா?

கேள்வி

வணக்கம். சென்னையில் 40 லிட்டர் தொட்டியில் செர்ரி இறால் வளர்த்து வருகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றி, வாரந்தோறும் பாதி நீரை மாற்றுகிறேன். மூன்று வாரங்களில் ஆறு இறால்கள் இறந்துவிட்டன. அவற்றில் நான்கின் உடலை, தலைப்பகுதி ஓடு முடியும் இடத்தில், ஒரு வெள்ளை வளையம் சுற்றியிருந்தது. கடையில் கொடுத்த கால்சியம் திரவமும் அயோடின் சொட்டும் பயன் தரவில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில் 1

கூட்ட வேண்டாம். வழக்கமாக முதுகுப்புறத்தில் மட்டும் ஓடு பிளந்து, அந்த இடைவெளி வழியாக இறால் ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். நீங்கள் பார்த்த வெள்ளை வளையம்போல் உடலைச் சுற்றிலும் பிளந்துவிட்டால் அதனால் வெளியேற முடிவதில்லை. ஆர்.ஓ. நீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறத்தாழ இல்லை என்பதால், நீங்கள் ஊற்றும் திரவத்தில் பாதி ஒவ்வொரு வாரமும் வெளியே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, திடீரெனப் பாதி நீர் மாறும்போது இறால் பருவத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்ற முற்படும். முதலில் ஜி.எச். (நீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவு) சோதனை செய்யுங்கள்: 5 மி.லி. தொட்டி நீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்வரை எண்ணினால், ஒரு சொட்டு ஒரு டிகிரி. செர்ரி இறாலுக்கு 6 முதல் 8 டிகிரி ஏற்றது. மெக்னீசியமும் கலந்த இறால் தாதுப்பொடியை வாளி நீரில் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு முறைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

பதில் 2

முன்னவர் கூறியது சரி. அயோடினை இன்றே நிறுத்திவிடுங்கள். தீவனத்திலிருந்து கிடைப்பதே போதும், அளவு மீறினால் அதுவே நஞ்சு. மீன் மருந்து ஏதேனும் ஊற்றியிருந்தால் அதில் செம்பு உண்டா என்று பாருங்கள். கழற்றிய ஓட்டைப் பிணம் என்றெண்ணி எடுத்து எறியாதீர்கள் (நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன்). இறால்கள் அதைத் தின்றுவிடும்.

பதில் 3

கணவாய் ஓடு போட்டாலே போதும் என்பார்கள். அது மெதுவாகக் கரையும், மெக்னீசியக் குறையையும் தீர்க்காது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்தேன், இரண்டாவது சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. தாதுப்பொடி வாங்கி, 4 லிட்டர் வாளியில் 7 டிகிரிக்குக் கலந்து வைத்திருக்கிறேன். நாளை காலை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விடப்போகிறேன்.