புதுப்பிப்பு: பணம் போய், கேம் கீ வராத விவகாரம் தீர்ந்தது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: கொஞ்சம் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) மட்டும் விற்கும் தள்ளுபடி விற்பனையில் யுபிஐ வழியாக 749 ரூபாய் கட்டினேன், பணம் கழிந்தது, திரையில் 'ஸ்டாக் தீர்ந்தது' என்று வந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பணம் நான்காம் நாள் காலை தானாகவே கணக்குக்குத் திரும்பிவிட்டது. கடைப் பக்கம் உறுதியாகாத யுபிஐ பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் 2019 விதியை ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அது தெரிந்ததால்தான் பதறிப்போய் இன்னொரு முறை கட்டாமல் இருந்தேன். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்ததும் நல்லதாயிற்று. வங்கியில் முதலில் கேட்டதே அதைத்தான்.

அப்புறம் கீ. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு அடுத்த விற்பனை. வேளச்சேரி வீட்டில் தம்பியும் நானும் ஒரே லேப்டாப் முன்னால். இரண்டே நிமிடத்தில் ஸ்டாக் காலி. 'மூடிவிடாதீர்கள், கார்ட்டில் போட்டுவிட்டுக் கட்டாதவர்களின் கீ திரும்ப வரும்' என்று ஒருவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 10:16-க்கு ரீஃப்ரெஷ் செய்தபோது 'வாங்கு' பொத்தான் மறுபடி பச்சையானது. இந்த முறை கார்டு. ஓடிபி வரும் அப்பாவின் போனை முன்பே வாங்கி மேசையில் வைத்திருந்தோம்.

எதிர்பாராத ஒன்று: அதே கேம் இரண்டு விலையில் இருந்தது. மலிவானதன் அடியில், சின்ன எழுத்தில், இந்தியாவில் ஆக்டிவேட் ஆகாது என்று போட்டிருந்தார்கள். தம்பிதான் கவனித்தான். மற்றதை வாங்கினோம், ஸ்டீம் என்ற கேம் தளத்தில் உடனே ஏறிவிட்டது.