விரிதாளில் வேண்டிய பகுதியை மட்டும் அச்சிடுதல்: பிரின்ட் ஏரியாவா, தனித்தாளா?

உப்புவெளி எழுதுநர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் 212 உறுப்பினர்களுடைய விபரங்களும் ஒரே பணித்தாளில் 14 நிரல்களில் இருக்கின்றன. முதல் ஐந்து நிரல்களான உறுப்பினர் இலக்கம், பெயர், கிராமம், வழங்கிய வலைகளின் எண்ணிக்கை, வழங்கிய திகதி ஆகியவற்றை மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறோம். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வங்கிக் கணக்கு இலக்கம், கடன் நிலுவை போன்ற மற்றவை வெளியே போகக் கூடாதவை. இதுவரை அந்த ஐந்து நிரல்களையும் தெரிவு செய்து, எக்செலில் ‘பிரின்ட் செலக்‌ஷன்’ கொடுத்து அச்சிட்டு வந்தேன்.

சென்ற மாதம் நான் விடுமுறையில் நின்றபோது, சக ஊழியர் கோப்பைத் திறந்து நேரடியாக அச்சிடக் கொடுத்துவிட்டார். 15 தாள்கள் வந்தன. முதல் ஐந்தில் பெயர்கள் இருந்தன. அடுத்த ஐந்தில் பெயரே இல்லாமல் இலக்கங்கள் மட்டும் இருந்ததால், அவற்றால் தீங்கில்லை என்று நினைத்து அவர் எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக ஒட்டிவிட்டார். எக்செல் முதலில் கீழ்நோக்கியும் பிறகே வலப்பக்கமாகவும் பக்கங்களைப் பிரிக்கிறது. ஆகவே முதலாம் தாளுக்குப் பக்கத்தில் ஆறாம் தாளைப் பிடித்தால், நான்காவது வரியில் உள்ள கணக்கு இலக்கம் நான்காவது ஆளுடையது என்பது எவருக்கும் விளங்கும். அரை நாளுக்குப் பிறகுதான் கழற்றினோம்.

இம்மாதம் முதல் 12ஆம் நிரலில் உள்ள ‘பெற்றுக்கொண்ட திகதி’யையும் சேர்க்கும்படி நிர்வாகக் குழு கேட்டிருக்கிறது. யார் அச்சிட்டாலும் அந்த ஆறு நிரல்கள் மட்டுமே வருவதற்கு எந்த வழி பாதுகாப்பானது?

திருக்கடலூர் கணக்கர்:
தம்பி, தவறு உங்கள் சக ஊழியருடையது அல்ல. ‘பிரின்ட் செலக்‌ஷன்’ அந்த ஒரு முறைக்கு மட்டுமே உரியது, கோப்பில் பதியாது. அடுத்தவர் திறக்கும்போது எக்செலுக்குத் தெரிவதெல்லாம் முழுத்தாள்தான். கோப்போடு சேர்ந்து நிற்கும் ஏற்பாடு பிரின்ட் ஏரியா. வேண்டிய கலங்களைத் தெரிவு செய்து, ‘பேஜ் லேஅவுட்’ பகுதியில் ‘செட் பிரின்ட் ஏரியா’ கொடுத்துக் கோப்பைச் சேமித்தால், எந்தக் கணினியில் யார் அச்சிட்டாலும் அந்த வீச்சு மட்டுமே வரும். பி.டி.எஃப். ஆக மாற்றினாலும் அதே எல்லைதான். பிறகு ‘பேஜ் பிரேக் பிரிவியூ’வில் பாருங்கள், அச்சாகும் பகுதி வெள்ளையாகவும் அச்சாகாதது சாம்பல் நிறமாகவும் தெரியும். அந்தச் சாம்பலுக்குள் கணக்கு இலக்கம் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே அச்சிடும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. ‘பிரின்ட் டைட்டில்ஸ்’ மூலம் தலைப்பு நிரை ஒவ்வொரு பக்கத்திலும் வரச் செய்யவும் மறக்காதீர்கள்.

கிண்ணியா வாசகன்:
ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். பிரின்ட் ஏரியா ஒரு நிலையான எல்லை. உங்கள் 213ஆவது உறுப்பினரைப் பட்டியலின் அடியில் எழுதினால் அவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பார். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் உலர் உணவுப் பட்டியலை இப்படித்தான் அச்சிட்டோம். பிந்திப் பதிந்த ஒன்பது குடும்பங்கள் தாளில் இல்லை. ஒரு தாய் பலகைக்கு முன்னால் நின்று, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு அடிவரை வந்து, மறுபடி மேலிருந்து தொடங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகமாக அச்சாகும் தவறு உடனே கண்ணில் படும். குறைவாக அச்சாகும் தவறு, விடுபட்டவர் வந்து கேட்கும்வரை தெரியாது.

ஆகவே பலகைக்கென்று ஒரு தனிப் பணித்தாள் வையுங்கள். அதில் ஆறு நிரல்கள் மட்டும் மூலத்தாளிலிருந்து சூத்திரத்தால் வரட்டும். புதிய எக்செலிலும், இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸின் 24.8 பதிப்பு முதலும், வேண்டிய நிரைகளை எடுத்துத் தரும் ‘ஃபில்டர்’ சார்பு இருக்கிறது. மூலத்தில் ஒரு பெயர் கூடினால் இங்கும் தானாகக் கூடும்.

திருக்கடலூர் கணக்கர்:
அந்தத் தாயின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு பிரின்ட் ஏரியாவைக் கைவிடுவது அல்ல. வீச்சின் கடைசி நிரையாக ‘முடிவு’ என்று எழுதிய ஒரு வரியை வைத்து, புதியவர்களை எப்போதும் அதற்கு மேலே நிரை செருகியே சேர்த்தால், எல்லை தானாகவே விரியும்.

உங்கள் தனித்தாளில் உள்ள இடர்களையும் சொல்ல வேண்டும். பழைய எக்செலில் அந்தச் சார்பு இல்லை. கலத்துக்குக் கலம் தொடுத்தால், மூலத்தில் வெறுமையாக உள்ள இடம் பலகையில் சுழியமாக வரும்; பெற்றுக்கொள்ளாதவரின் திகதி 1900ஆம் ஆண்டு தை மாதம் என்று காட்டும். ஒரு நிரையை அழித்துவிட்டால் சூத்திரம் முறியும். மேலும் இரண்டு தாள்களும் ஒரே கோப்பில் இருந்தால், ‘முழுக் கோப்பையும் அச்சிடு’ என்று ஒருவர் கொடுத்ததும் மூலத்தாளும் சேர்ந்தே வரும். பிரின்ட் ஏரியா இருந்தால் அப்போதும் அது மதிக்கப்படும்.

மூதூர் ரீச்சர்:
தம்பி கேட்ட 12ஆம் நிரலைப் பற்றி இருவருமே பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு, முதல் ஐந்து நிரல்களையும் 12ஆம் நிரலையும் சேர்த்துப் பிரின்ட் ஏரியா ஆக்கினால், எக்செல் அவற்றை ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிடாது. தொடர்பற்ற ஒவ்வொரு பகுதியும் தனிப் பக்கத்துக்குப் போகும். திகதிகள் மட்டும் தனித்தாளில் வந்தால், சென்ற மாதம் நடந்தது போலப் பக்கங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டியதாகிவிடும். முதலாம் நிரலிலிருந்து 12ஆம் நிரல் வரை பிரின்ட் ஏரியா வைத்து, இடையில் உள்ள ஆறாம் நிரல் முதல் 11ஆம் நிரல் வரை மறைத்துவிடுவதே எளிது. மறைத்த நிரல்கள் அச்சாகாது. ‘டேட்டா’ பகுதியில் ‘குரூப்’ செய்து வைத்தால் ஒரே சொடுக்கில் மூடவும் திறக்கவும் முடியும். மாணவர் புள்ளிப் பட்டியலை நான் இப்படித்தான் பெற்றோருக்கு அச்சிடுகிறேன்.

கிண்ணியா வாசகன்:
ரீச்சர், நீங்கள் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகச் சரி. ஆனால் ஒரே சொடுக்கில் திறக்கக்கூடியதை யாரோ ஒருவர் திறந்து, மூட மறந்துவிட்டுச் சேமித்தால் என்ன ஆகும்? இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கம் வெறும் எண் அல்ல. பழைய இலக்கத்தின் முதல் இரு எண்கள் பிறந்த வருடத்தையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 12 எண்கள் கொண்ட புதிய இலக்கத்தில் வருடம் முழுமையாகவே இருக்கிறது. அதைப் பலகையில் ஒட்டுவது, ஒருவரின் வயதையும் பிறந்த நாளையும் சேர்த்து ஒட்டுவதாகும். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், மறைத்து வைத்த நிரலை நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே கோப்பில் இரு தாள்களையும் வைப்பது பற்றி ஐயா சொன்ன குறையை ஏற்கிறேன். மூலக் கோப்பு எழுதுநரிடமே இருக்கட்டும்; விடுமுறைக்குப் போகும் முன் பலகைத் தாளைப் பி.டி.எஃப். ஆக்கி, சக ஊழியரிடம் அதை மட்டும் கொடுக்க வேண்டும். அதற்குள் கணக்கு இலக்கம் இல்லை என்பதால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது வெளியே வராது.

திருக்கடலூர் கணக்கர்:
பி.டி.எஃப். கொடுப்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் விடுமுறையின் நடுவில் ஒருவர் வலை பெற்றால் அந்தப் பி.டி.எஃப். பழையதாகிவிடும், சக ஊழியர் மூலக் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அந்த வேளையில் அவருக்குத் துணையாக நிற்பது பிரின்ட் ஏரியா மட்டுமே. இதில் என் கருத்து மாறாது.

உப்புவெளி எழுதுநர்:
ஐயா, நானா, ரீச்சர் மூவருக்கும் நன்றி. அலுவலகத்தின் மற்றக் கணினியில் லிப்ரே ஒபிஸ் கல்க் இருப்பதால் இன்று காலை அதிலும் செய்து பார்த்தேன். அங்கே ‘ஃபோர்மட்’ பகுதியில் ‘பிரின்ட் ரேஞ்சஸ்’ என்ற இடத்தில் இதே ஏற்பாடு இருக்கிறது. எக்செலில் வைத்த எல்லையை அது அப்படியே ஏற்றுக்கொண்டது.

இரகசிய நிரல்கள் எல்லாவற்றையும் வேறொரு கோப்புக்கு மாற்றி, அதற்குக் கடவுச்சொல் இட்டுவிட்டேன். உறுப்பினர் இலக்கமே இரண்டு கோப்புகளையும் இணைக்கும். பலகைக் கோப்பில் இப்போது அடுத்தடுத்து ஆறு நிரல்கள் மட்டுமே இருப்பதால் மறைக்க எதுவும் இல்லை. ஐயா சொன்னபடி பிரின்ட் ஏரியாவும் ‘முடிவு’ வரியும் வைத்திருக்கிறேன்.

நானா சொன்ன தாய்க்காக ஒன்றைச் சேர்த்தேன். பக்கந்தோறும் வரும் தலைப்பு நிரையில், கிராமம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பெயர் நிரல் முழுவதிலும் உள்ள பெயர்களை எண்ணிக் காட்டும் ஒரு சூத்திரம் இருக்கிறது. தலைப்பும் ‘முடிவு’ம் அதில் கழிக்கப்பட்டிருக்கும். அது பிரின்ட் ஏரியாவைச் சாராதது. சோதனைக்காக ‘முடிவு’ வரிக்குக் கீழே ஒரு பெயரை எழுதி அச்சிட்டேன். மேலே 213 என்று இருந்தது; கடைசிப் பெயரின் தொடர் இலக்கம் 212.

கிண்ணியா வாசகன்:
அந்தச் சூத்திரத்தை அப்படியே இங்கே எழுதிவிடுங்கள் தம்பி. எங்கள் பட்டியலிலும் இன்றே போட வேண்டும்.