முகத்தைத் தொங்கப் போடாதே என்று சொன்னவர்கள்: அனுபவப் பகிர்வு

வெள்ளைத்தாள் எழுதியது:

மகிழ்ச்சியாக இருப்பது நாமே எடுக்கும் முடிவு என்ற வாக்கியத்தை இங்குள்ள எல்லோரும் படிக்கிற காலத்தில் யாரோ ஒருவர் வாயால் கேட்டிருப்பீர்கள், ஆகவே அதை விளக்கப் போவதில்லை. நான் அதைக் கேட்டது, இரண்டாம் செமஸ்டர் கணிதத் தாளின் முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று. தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டுமே அந்தத் தாளில் இருக்கும். இல்லாத எண்ணைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்பது தேடியவர்களுக்குத் தெரியும். ஒருமுறை பார்த்தால் மனம் ஒப்பாது, முந்தைய எண்ணில் விரலை வைத்துக்கொண்டு, அச்சுப்பிழையாக இருக்கக்கூடும் என்று மேலிருந்து கீழாக மறுபடியும் வரவேண்டும்.

அப்போது பின்னால் வந்து நின்ற ஆசிரியர் ஒருவர் என் தோளைத் தட்டி, "முகத்தைத் தொங்கப் போடாதே, சிரி. மகிழ்ச்சியாக இருப்பதும் இல்லாததும் உன் முடிவுதான்" என்றார். அவர் நல்லவர். அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. நானும் சிரித்தேன், அதுவும் உதட்டளவில் அல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சிரித்தேன். சிரித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்த நொடி. வரிசை எண்ணில் எனக்கு அடுத்தவன், தேர்வறையில் எப்போதும் என் பின்னிருக்கையில் அமர்ந்து எழுதியவன், என் இடப்பக்கம் நின்று அதே தாளில் தன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய எண்ணும் அதில் இல்லை. என் சிரிப்பைக் கேட்டுத் திரும்பியவன் என் முகத்தைப் பார்த்தான், "வாழ்த்துகள்" என்றான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். நான் தேறிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். அடுத்த செமஸ்டருக்கு அவன் வரவில்லை. அந்த ஒரு தாள்தான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நான் மறுதேர்வு எழுதித் தேறினேன், அந்தக் கதையில் சுவையில்லை. அன்று நான் மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தேனா, அல்லது பக்கத்தில் நின்றவனிடம் உண்மையைச் சொல்லாமல் தப்பித்தேனா என்று பல ஆண்டுகளாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுபோன்ற ஒரு கணம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

பியூரெட் எழுதியது:

நீங்கள் சிரித்து மறைத்தீர்கள், நான் தலையாட்டி மறைத்தேன். அதுவரை வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த நான், எல்லோருமே தத்தம் வகுப்பில் முதலாவதாக வந்தவர்களாக இருந்த ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் ஆறு வாரங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால், தவறுதலாக என்னைச் சேர்த்துவிட்டார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று நம்பினேன். இந்த மனநிலையைப் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978 இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

வேதியியல் ஆய்வகத்தில் அன்று ஆக்ஸாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்த்துக்கொண்டிருந்தோம், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மற்றதன் செறிவைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். நிறமற்ற கரைசல் என்றால் பியூரெட் என்ற அளவுக்குழாயில், திரவத்தின் வளைந்த மேற்பரப்பான பிறைத்தளத்தின் அடிமட்டத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருந்தோம். பெர்மாங்கனேட்டோ கண்ணுக்கு ஊடுருவாத கருஊதா நிறம். அடிமட்டம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாததை நான் உத்தேசமாக எழுதிக்கொண்டே வந்தேன், முகத்தை மட்டும் எல்லாம் தெரிந்தவள் போல் வைத்துக்கொண்டேன். எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தவன் திடீரென்று கையை உயர்த்தி, "ஐயா, இதில் மேல் விளிம்பைப் பார்ப்பதா, கீழ் விளிம்பைப் பார்ப்பதா, எனக்குத் தெரியவில்லை" என்றான்.

அடர் நிறக் கரைசல்களுக்கு மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்த நொடி அந்த அறையில் எழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஏறத்தாழ பாதி வகுப்பு அழிப்பானை எடுத்துத் தாளைத் தேய்க்கத் தொடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, யாரும் சொல்லாமல், தானாக வந்த சிரிப்பு. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மூத்தவன் எழுதியது:

முதல் பதிவாளர் தம் ஆசிரியரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தோல்வி கண்ட மாணவனிடம் அந்த நிமிடத்தில் வேறு எதைச் சொல்ல முடியும்? எனக்கு ஒரே சமயத்தில் மூன்று அரியர் இருந்தன. அறை நண்பன், "அழுவதானால் பத்து நிமிடம் அழு, பிறகு விளக்கைப் போடு" என்றான். விளக்கைப் போட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது, படிக்கும்போது ஏற்படும் நிறைவை நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் 2006 இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு முன்கூட்டிச் சொன்னவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். மூடிய புத்தகத்தின் முன் ஒன்றும் நினைவுக்கு வராமல் தவிக்கிற அந்தத் தவிப்புதான் படிப்பு. அதைத் துன்பம் என்று எண்ணி ஓடுகிறவன், பக்கங்களுக்கு வண்ணக்கோடு போட்டு மகிழ்ச்சியாக இருந்துவிட்டுத் தேர்வறையில் விழிக்கிறான். நான் மூன்று அரியர் வைத்ததும் இப்படித்தான்.

இரண்டாவது, மனத்தில் உள்ளதை எழுதுங்கள். பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986 இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே முன்பைவிடக் கலங்கிப் போயிருந்தார்கள், ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் அவர்கள் போனது குறைவாக இருந்தது. மூன்றாவது, தூக்கத்தைக் குறைக்காதீர்கள். நான்காவது, ஒப்பிடாதீர்கள். இவற்றைப் பின்பற்றினால் துன்பம் என்று ஒன்றும் உங்களை அண்டாது.

ஓரக்குறிப்பு எழுதியது:

மூத்தவன் அவர்களுக்கு, உங்கள் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இறுதியாண்டின் நடுவில் என் தந்தை இறந்தார். அதற்கு முந்தைய மாதம்வரை நான் நன்றாகத் தூங்கிக்கொண்டும் யாரோடும் ஒப்பிடாமலும்தான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பியபோது, மனத்தைத் தளர விடாதே, உன் தந்தை நீ சிரிப்பதைத்தான் விரும்புவார் என்று எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களுடைய முகங்கள் எனக்கு நினைவில்லை. என்னோடு அதுவரை அதிகம் பேசியிராத ஒரு தோழி மட்டும் ஒன்றும் சொல்லாமல், நான் வராத மூன்று வார வகுப்புகளின் குறிப்புகளை எனக்கென்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தாள். தன்னுடையதை நகல் எடுத்துத் தந்திருக்கலாம், அதுவே பெரிய உதவி. அவள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு நோட்டில் எழுதியிருக்கிறாள். தேதி, தலைப்பு, படம், எல்லாவற்றோடும், ஆசிரியர் வகுப்பில் அடித்த நகைச்சுவைகளை ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்து, "இதற்கு யாரும் சிரிக்கவில்லை", "இதற்கு அவரே சிரித்துக்கொண்டார்" என்று சேர்த்திருந்தாள்.

நூலகத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன், திருடியவள் போல உணர்ந்தேன். தந்தை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பொத்திய கையைத்தான் நான் இன்னும் மறக்க முடியாமல் இருக்கிறேன். சிரி என்று ஊரே சொன்னபோது வராத சிரிப்பு, வந்தபோது அதற்கு நானே அனுமதி தரவில்லை. இதில் நான் வளர்ந்தேனா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. இறுதித் தேர்வை எழுதினேன், அது தெரியும்.

துல்லியம் எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்களின் பதிவுக்குப் பிறகு பேசத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு செய்திகள்.

மகிழ்ச்சியை முடிவாக எடுக்கலாம் என்பவர்கள், ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். பங்கேற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு, மகிழ்ச்சி எவ்வளவு இன்றியமையாதது என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு இரு தரப்பிலும் சிலருக்கு மகிழ்ச்சியூட்டும் ஒரு திரைக்காட்சியைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்கே அந்தக் காட்சி குறைவான மகிழ்ச்சியைத் தந்தது. எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று தன்னையே அளந்துகொண்டிருப்பவரின் மகிழ்ச்சி குறைகிறது என்பது என் புரிதல். ஆகவே வெள்ளைத்தாளின் ஆசிரியரைக் குறை சொல்லாவிட்டாலும், அவர் கொடுத்த மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

அடுத்து, பியூரெட் அவர்களுக்கு. தரம் பார்த்தலில் நாம் எடுத்துக்கொள்வது இறுதி அளவுக்கும் தொடக்க அளவுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான். இரண்டு முறையும் ஒரே விளிம்பைப் பார்த்திருந்தால், மேலா கீழா என்ற பிழை கழித்தலில் தானாகவே நீங்கிவிடும். எனவே அன்று பாதி வகுப்பு அழித்தது தேவையற்ற வேலை. மேலும், ஆய்வகத்தில் எழுதிய அளவை ஒருபோதும் அழிக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய அளவை எழுத வேண்டும். பேனாவால் எழுதச் சொல்வதே அதற்காகத்தான். உங்கள் ஆய்வகத்தில் பென்சிலை எப்படி அனுமதித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மூத்தவன் எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்களே, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அறை நண்பன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தான், நான் உங்களுக்கு ஒரு நிமிடமும் கொடுக்கவில்லை. எழுதிப் பார்த்துப் படிக்கும் முறையைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

வெள்ளைத்தாள் எழுதியது:

நான் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை என்பதை மறுபடியும் பதிவு செய்கிறேன். பியூரெட் அவர்களின் வகுப்பில் கையை உயர்த்தியவனைப் பற்றி இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "எனக்குத் தெரியவில்லை" என்று அவன் சொன்னதைப் போல, "என் எண்ணும் இல்லை" என்று நான் சொல்லியிருந்தால் போதும். மூன்றே சொற்கள். சிரித்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து மறுதேர்வுக்குப் படித்திருப்போம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள மாட்டேன், அவன் ஒருவேளை அப்போதும் போயிருப்பான். ஆனால் அவன் என்னை வாழ்த்திவிட்டுப் போயிருக்க மாட்டான்.

பியூரெட் எழுதியது:

துல்லியம் அவர்களே, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பழைய ஆய்வகக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பென்சிலுக்கு எங்கள் ஆய்வகத்திலும் அனுமதி இல்லைதான், முதலில் பென்சிலால் குறித்துப் பிறகு அதன்மேல் பேனாவால் எழுதுவது எங்கள் வழக்கமாக இருந்தது. அன்றைய பக்கத்தில் பழைய எண்கள் வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. கழித்துப் பார்த்தேன். அழித்த அளவுகளில் கழித்தாலும் புதிதாக எழுதிய அளவுகளில் கழித்தாலும் வரும் வேறுபாடு ஒன்றேதான், நீங்கள் சொன்னது சரி. ஆறு வாரம் நான் பயந்துகொண்டிருந்த பிழையால் விடை மாறவே இல்லை. தேய்த்த இடத்தில் தாள் கிழிந்திருப்பதற்காக ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார்.