ஸ்விஃப்ட் பின் கண்ணாடி உடைந்துவிட்டது: ஷோரூமா, வெளிக்கடையா, கிளெய்மா?

தோப்புவீடு, திங்கள் காலை

வணக்கம்ங்க. நேற்று மதியம் வாசலில் நிறுத்தியிருந்த வண்டி மேல் தென்னை மட்டை விழுந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி 2016 ஸ்விஃப்ட், பெட்ரோல், இசட்எக்ஸ்ஐ.

பானை உடைந்த மாதிரி சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால், பின் கண்ணாடி முழுக்க வெடித்துப் போய், ஆனால் விழாமல் அப்படியே நிற்கிறது. உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க டிக்கியைத் தூக்கினேன். பொலபொலவென்று எல்லாம் உள்ளே கொட்டிவிட்டது, கற்கண்டு மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி. பின் சீட், மகளின் குழந்தை சீட், ஸ்டெப்னி குழி வரைக்கும் துண்டுகள்தான்.

பக்கத்தில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கண்ணாடி 5,150, ஒட்டும் பேஸ்ட்டும் பிரைமரும் 950, கூலி 1,400, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 8,850 ரூபாய். கண்ணாடி வர நான்கு நாள் ஆகுமாம். கோவையில் ஒரு வெளிக்கடையில் 5,800 என்றார்கள். இன்னொருவர் போனில் 4,200 என்கிறார், ஆனால் எந்தக் கம்பெனி கண்ணாடி என்று கேட்டால் நேராகப் பதில் வரவில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35 சதவீதம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பழனியில் மகளுக்குக் காதுகுத்து. அதற்குள் வண்டி தயாராக வேண்டும். எதில் போவது? முன் கண்ணாடிக்கு விரிசலை அடைக்கிறார்களே, அது மாதிரி குறைந்த செலவில் ஏதாவது வழி உண்டா?

கண்ணாடிக்கடை (கோவை), திங்கள் மதியம்

தம்பி, நான் 22 வருடமாக வண்டிக் கண்ணாடி மாற்றும் தொழிலில் இருக்கிறேன். பின் கண்ணாடியை அடைக்கவெல்லாம் முடியாது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டாலும் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுக்கொண்டு நிற்கும், சின்னதாக இருந்தால் பசை ஏற்றி அடைக்கலாம். பின் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. நன்றாகச் சூடேற்றிச் சட்டென்று குளிர வைத்து முறுக்கேற்றியது. ஒரு இடத்தில் உடைந்தால் மொத்தமும் போய்விடும். கூரான துண்டாக இல்லாமல் கற்கண்டாக உதிர்வதும் அதனால்தான், ஆளைக் கிழிக்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள்.

விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது வேறு. மேலே விழுந்தது கல் அல்ல, மட்டை. பச்சை மட்டை என்றால் நல்ல கனம். கண்ணாடி உட்காரும் இடத்தில் டிக்கிக் கதவின் தகர விளிம்பு சுற்றிலும் ஓடும், அதில் ஒரு நெளிவு விழுந்திருந்தால் எந்த ஊர்க் கண்ணாடி போட்டாலும் நிற்காது. ஒன்று தண்ணீர் ஒழுகும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, ஒரு நாள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானாக வெடிக்கும். போனில் விலை சொன்ன யாரும் அந்த விளிம்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நேரான அடிஸ்கேலை எடுத்து விளிம்பு மேல் நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள். விளிம்பு லேசான வளைவாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

பழைய பேஸ்ட்டை மட்டும் கத்தி வைத்துச் சுரண்டிவிடாதீர்கள். அது எங்கள் வேலை. புது பேஸ்ட் பிடிக்க அதில் ஒரு மெல்லிய படுகை இருக்க வேண்டும். தகரம் வரைக்கும் சுரண்டினால் துருதான் பிடிக்கும்.

திருச்சி ஸ்விஃப்ட், திங்கள் மாலை

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வருடம் சென்னை போனபோது 2,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. வேறொரு வண்டியிலிருந்து கம்பி வைத்து அறுத்து எடுத்தபோது ஓரத்தில் அரிசி அளவு சில்லு போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மாட்டி மூன்றாவது வாரம், வண்டி வெயிலில் நிற்கும்போது மொத்தமும் கொட்டிவிட்டது. மாட்டும் கூலி இரண்டு தடவை. இந்த மாதிரிக் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர். ஓரத்தில் சின்ன அடி பட்டிருந்தாலும் வேண்டாம்.

பாலிசிக் கணக்கு, திங்கள் இரவு

நான் இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன். மட்டை விழுந்தது ஃபுல் பாலிசியில் வரும், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வராது. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், வண்டி எத்தனை பழசானாலும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் 50 சதவீதம் பிடிப்பார்கள். 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதை நீங்கள் கொடுத்தாக வேண்டும். அதாவது கிளெய்மில் போனால் சர்வீஸ் சென்டர் பில்லில் உங்கள் கையிலிருந்து போவது சுமார் 1,000 ரூபாய்.

இது லாபம் என்று தோன்றும். ஆனால் போனஸைப் பாருங்கள். இப்போது 35 சதவீதம். கிளெய்ம் இல்லாமல் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் 45, அதற்கப்புறம் 50-லேயே நிற்கும். கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருடம் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். வருடா வருடம் வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். உங்கள் பாலிசித் தாளில் ‘ஓன் டேமேஜ்’ பிரீமியம் (உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி), போனஸ் கழிப்பதற்கு முன் எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு 4,500 என்றால், ஐந்து வருடத்தில் நீங்கள் இழப்பது 5,400 ரூபாய்.

வெளிக்கடையில் 5,800 கொடுத்து முடிப்பதும், கிளெய்மில் 1,000 கொடுத்து 5,400 இழப்பதும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே கண்ணாடி மட்டும் என்றால் கைக்காசு போட்டு முடிப்பதே என் யோசனை. ஆனால் மேலே அண்ணன் சொன்ன தகர வேலை, அதோடு டிக்கிக்குப் பெயின்ட் என்று வந்துவிட்டால் பில் எங்கேயோ போகும். அப்போது யோசிக்காமல் கிளெய்ம் எடுங்கள். அதனால் அவர் சொன்னபடி விளிம்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போனஸ் பாதுகாப்பு என்று ஒரு ஆட்-ஆன் உண்டு, அதை எடுத்திருந்தால் இந்தக் கணக்கே மாறும். இன்னொன்று, கிளெய்ம் எடுப்பதாக இருந்தால் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுங்கள், சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள். மட்டை கிடக்கும் படியே போட்டோ எடுத்தீர்களா?

தோப்புவீடு, செவ்வாய் காலை

அண்ணன்களுக்கு நன்றி. போட்டோ எடுத்திருக்கிறேன், மட்டையும் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. பாலிசியில் போனஸ் பாதுகாப்பு இல்லை. ஓன் டேமேஜ் 4,380.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பு சரி, வலது பக்கம் சரி. இடது மேல் மூலையிலிருந்து ஒரு ஜாண் கீழே, ஸ்கேலுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிறது. வலது பக்கம் அதே இடத்தில் நுழையவில்லை. வெளியில் பெயின்ட் உதிரவில்லை, கையால் தடவினால்தான் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். கோவைக்கு இப்படியே ஓட்டி வரலாமா? கண்ணாடி இருந்த இடத்தில் பாலித்தீன் ஒட்டியிருக்கிறேன்.

கண்ணாடிக்கடை (கோவை), செவ்வாய் மதியம்

படம் பார்த்தேன். பயப்படும் அளவுக்கு இல்லை. அனுபவமுள்ள டிங்கர் ஒருவர் மரக்கட்டை வைத்துத் தட்டி அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார், பெயின்ட் தேவைப்படாது. தட்டின இடத்தில் கீறல் விழுந்தால் அங்கே பிரைமர் வைத்தால் போதும். என்னைக் கேட்டால் கிளெய்ம் வேண்டாம்.

ஓட்டி வருவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பின்னால் திறந்திருக்கிற வண்டி ஓடும்போது சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். பாலித்தீன் பத்து கிலோமீட்டரில் ஒரு ஓரம் பிய்ந்துவிடும், கூடவே புகை வந்துகொண்டிருப்பது தெரியாது. முன் ஜன்னல் இரண்டையும் இறக்கி, புளோயரை வெளிக்காற்றில் வைத்து வாருங்கள். குழந்தையைக் கூட்டி வராதீர்கள். டேப்பை பெயின்ட் மேல் வெயிலில் நாள்கணக்காக விடாதீர்கள், பசை அப்பிக்கொள்ளும்.

எங்கே மாற்றினாலும் இதையெல்லாம் கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி சேசிஸ் நம்பர் வைத்துக் கண்ணாடி எடுக்கச் சொல்லுங்கள். உங்களுடையதில் பனி நீக்கும் டிஃபாகர் கோடு (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய கோடுகள்) உண்டு. கோடு இல்லாத கண்ணாடியும் அதே அளவில்தான் வரும், விலை குறைவு. 4,200 சொன்னவர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கண்ணாடி மூலையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஏஐஎஸ், செயின்ட் கோபைன் மாதிரி தயாரிப்பாளர் பெயர், ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 2553 என்ற எண் இருக்க வேண்டும். ஒன்றுமே அச்சில்லாத கண்ணாடி வேண்டாம்.

அப்புறம் பேஸ்ட். பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்று கேளுங்கள், டியூபில் காலாவதித் தேதி பாருங்கள். பாத்ரூமுக்குப் போடும் சிலிக்கானை வைத்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வினிகர் மாதிரி நெடி அடித்தால் அது அதுதான். தகரத்தை அரிக்கும், பிடிப்பும் நிற்காது.

இதைப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சர்வீஸ் சென்டரில் தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே நேரமும் காசும் கூடும், அவ்வளவுதான். கண்ணாடியும் பேஸ்ட்டும் சரியாக இருந்து, ஒட்டுகிற கை நிதானமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

தோப்புவீடு, சனி இரவு

வேலை முடிந்தது. முழு விவரம் எழுதுகிறேன், அடுத்தவர்களுக்கு உதவும்.

புதன்கிழமை உள்ளூர் டிங்கரிடம் காட்டினேன். உள் அட்டையைக் கழற்றிப் பின்னாலிருந்து தட்டினார், 900 ரூபாய். அட்டையைக் கழற்றியது நல்லதாகப் போயிற்று. டிக்கிக் கதவுக்குள் மட்டும் இரண்டு கைப்பிடி கண்ணாடித் துண்டு கிடந்தது, பூட்டுக்குள்ளும் சில. அதை எடுக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் கலகலவென்று கேட்டிருக்கும். குழந்தை சீட்டின் துணியை முழுதாகக் கழற்றி உதறினேன், அதில் தையல் மடிப்பில் மட்டும் ஏழு துண்டு.

வெள்ளிக்கிழமை கோவையில் 5,800 சொன்ன கடைக்கே போனேன். அண்ணன் எழுதியதை அப்படியே கேட்டேன். கண்ணாடியை இறக்கிக் காட்டினார்கள், ஏஐஎஸ் அச்சு இருந்தது, கோடும் இருந்தது. பழைய பேஸ்ட்டைச் சீவி மெல்லிசாக ஒரு படுகை விட்டு, கண்ணாடி ஓரத்தின் கறுப்புப் பட்டை மேல் பிரைமர் தடவி, பேஸ்ட்டை முக்கோண வரியாக விட்டு, இரண்டு பேர் சேர்ந்து உறிஞ்சுகைப்பிடி வைத்துத் தூக்கி ஒரே தடவையில் உட்கார வைத்தார்கள். நான்கு இடத்தில் டேப். ஒன்றரை மணி நேர வேலை, அப்புறம் மாலை வரை நிறுத்தி வைத்தார்கள்.

ஆக மொத்தம் 6,700.

ஒரே ஒரு குறை. இன்று காலை டிஃபாகரைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி மேல் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன், எந்தக் கோடும் காயவில்லை. ஃபியூஸ் சரியாக இருக்கிறது. கோடு பழுதா?

கண்ணாடிக்கடை (கோவை), சனி இரவு

ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோடு மட்டும்தான் காயாது. எல்லாமே காயவில்லை என்றால் கண்ணாடியின் இரு ஓரத்திலும் வருகிற வயர் கிளிப்பில் ஒன்று சரியாகச் செருகவில்லை என்றுதான் அர்த்தம். கிளிப் மாட்டும், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற முள்ளை இழுக்காமல், கிளிப்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். முள் கண்ணாடியிலிருந்து பெயர்ந்துவிட்டால் அது வேறு வேலை. இன்னும் ஒரு நாள் வண்டியைக் கழுவ வேண்டாம். கதவைச் சாத்தும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், உள்ளே அடைபடுகிற காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளும். டேப்பை நாளைக் காலை வெயில் ஏறும் முன் எடுங்கள்.

உள்பக்கம் துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே இடவலமாகத் துடையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது கோடும் கூட வந்துவிடும்.

தோப்புவீடு, ஞாயிறு காலை

இடது பக்கக் கிளிப்தான். அழுத்தினதும் டக்கென்று உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் வரி வரியாகக் காய்ந்து வருவதை மகள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மரம் ஏறுகிறவரை வரச் சொல்லியிருக்கிறேன். வாசல் மரத்தின் காய்ந்த மட்டைகளை இன்று இறக்கிவிடுவார்.

தோப்புவீடு, அடுத்த சனி

பழனி போய் வந்துவிட்டோம். உடுமலை தாண்டினதும் நல்ல மழை. வீட்டுக்கு வந்து டிக்கி உள் அட்டை, ஸ்டெப்னி குழி எல்லாம் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை.