புதுப்பிப்பு: சார்க்கோ-மாரி-டூத் நோயும் வைட்டமின் சி ஆய்வுகளும்

சார்க்கோ-மாரி-டூத் என்பது கை கால் நரம்புகளைப் பாதித்து, தசைகளை மெல்ல வலுவிழக்கச் செய்யும் பரம்பரை நோய். அதன் பரவலான வகைக்குக் காரணமான பிஎம்பி22 மரபணுவின் கூடுதல் பிரதிகளைக் கொண்ட எலிகளுக்கு வைட்டமின் சி பலனளித்ததாக 2004-இல் வெளியான ஆய்வைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அது மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தார்கள்.

பலன் தெரியவில்லை என்பதே வருத்தமான பதில். நாளொன்றுக்கு 1.5 கிராம் கொடுத்து இத்தாலியிலும் பிரிட்டனிலும் நடந்து 2011-இல் வெளியான ஆய்விலும், 4 கிராம் கொடுத்து அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்விலும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அமெரிக்க ஆய்வில் போலி மாத்திரை பெற்றவர்களும் எதிர்பார்த்த அளவுக்கு மோசமடையவில்லை என்பதுதான். அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து உணர்வைச் சோதித்தும், பாதத்தைத் தூக்கும் வலிமையைப் பார்த்தும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் முறையில், பல்லாண்டுகளாக மெல்ல நகரும் ஒரு நோயின் மாற்றம் இரண்டு ஆண்டுகளுக்குள் பிடிபடுவது கடினம். நல்ல மருந்தே வந்தாலும் இந்த அளவுகோல் அதைத் தவறவிடக்கூடும் என்பது என் கவலை.

ஆகவே, கெண்டைக்கால் தசையில் சேரும் கொழுப்பின் விகிதத்தை எம்ஆர்ஐ மூலம் அளந்து, 12 மாதங்களிலேயே மாற்றத்தைக் காட்டிய 2016-ஆம் ஆண்டு ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். இனிவரும் மருந்தாய்வுகளில் யாரேனும் பங்கேற்க நேர்ந்தால், பலனை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.